அரியர் பேப்பரும் 120 செ.மீ. கம்பும்

எம்.ஏ. வரலாறு தொலைநிலையில் படித்தபோது எனக்கு விழுந்த ஒரே அரியர் பண்டைய கிரேக்கம். 'மத்தியதரைக் கடலைத் தாண்டிய கிரேக்கக் கடலோடிகள்' என்று 15 மதிப்பெண் கேள்வி. நான் இரண்டு பக்கம் ஆசையாக எழுதித் தள்ளியது ஹன்னோவைப் பற்றி. ஹன்னோ கிரேக்கரே இல்லை, வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜ் நகரத்துக்காரர். அவருடைய பயணக் குறிப்பு கிரேக்க மொழியில் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குழியில் நீங்களும் விழாதீர்கள்.

இரண்டாம் முறை பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இதை நமக்குச் சொன்னது யார்?' என்று மட்டும் எழுதிக்கொண்டேன். கொலாயஸ்: கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். எகிப்துக்குக் கிளம்பிய சாமோஸ் தீவுக்காரர். கீழைக்காற்று அடித்துத் தள்ளியதில் ஜிப்ரால்டரைத் தாண்டி தெற்கு ஸ்பெயினின் டார்டெசஸில் போய் நின்றார். ஸ்கைலாக்ஸ்: அதே ஹெரோடோட்டஸ். பாரசீக மன்னர் டேரியஸ் அனுப்ப, சிந்து நதி வழியாகக் கடலில் இறங்கி 30ஆம் மாதம் எகிப்துப் பக்கம் வந்து சேர்ந்தவர். இருவருக்கும் நான்கு வரி போதும்.

நேரம் கொடுக்க வேண்டியது பித்தியாஸுக்கு. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஊர் மசாலியா, இன்றைய மார்சேய். பிரிட்டனுக்குப் போனவர், அதற்கு வடக்கே ஆறு நாள் பயணத்தில் தூலே என்ற நிலம் (எது என்று இன்றும் உறுதியில்லை) இருப்பதாகச் சொன்னவர், அலையேற்றத்தையும் நிலவையும் சேர்த்துப் பார்த்தவர். அவர் எழுதிய நூல் தொலைந்துவிட்டது. மிஞ்சியதில் நிறைய, அவரைப் பொய்யர் என்று திட்டிய பிற்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ மேற்கோள் காட்டியதால்தான் நம் கைக்கு வந்திருக்கிறது! விடையில் இதை எழுதாமல் விடாதீர்கள்.

பித்தியாஸ் நிழலை அளந்து ஊரின் அட்சரேகையைக் குறித்தார் என்பது நோட்ஸில் ஒரு வரியாகக் கிடந்தது. எனக்குப் புரியவில்லை. சரி, செய்தே பார்ப்போம் என்று ஜூன் 21 அன்று மதுரையில் எங்கள் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கம்பை 120 செ.மீ.க்கு அறுத்து, தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டேன். நம் ஊரில் உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, சுமார் 12.20க்கு. நிழல் ஏறக்குறைய 29 செ.மீ., அதுவும் தெற்குப் பக்கமாக. பித்தியாஸின் ஊருக்குச் சொல்லப்படும் கணக்கு 120க்கு 41.8, அங்கே நிழல் வடக்கே விழும். அதைக் கோணமாக மாற்றி, அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நிற்கும் அளவைக் கூட்டினால் மார்சேயின் இடம் அரை டிகிரிகூடத் தவறவில்லை. அந்த ஆளைத்தான் பொய்யர் என்றார்கள்.

மாடியிலிருந்து இறங்கி வந்ததும் நியார்கஸ் பகுதியை மறுபடி எடுத்தேன். அலெக்சாண்டரின் கடற்படையை கி.மு. 325இல் சிந்து முகத்திலிருந்து பாரசீக வளைகுடாவுக்கு ஓட்டிச் சென்றவர். வழியில் நிழல் தெற்கே விழுந்ததாக அவர் சொன்னதைப் பிற்கால வரலாற்றாசிரியர் அரியன் எடுத்தெழுதுகிறார். (அரியரில் அரியன், எல்லாம் நேரம்.) ஆனால் நியார்கஸ் போன மக்ரான் கரை (இன்றைய பாகிஸ்தான், ஈரான் கடற்கரை) கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே உச்சிவெயில் நிழல் எந்த மாதத்திலும் தெற்கே திரும்பாது. நோட்ஸில் பத்து முறை வாசித்தும் எனக்கு உறைக்காதது இது.

அப்புறம் யூடாக்ஸஸ். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வந்துபோனவர். இவரோடு பருவக்காற்றைச் சேர்த்து எழுதுங்கள், தனித் தலைப்பு வேண்டாம். அடுத்து வரும் பெரிப்ளஸ், கிரேக்க மொழியில் எழுதிய கடல்வழி வணிகக் கையேடு, கி.பி. முதல் நூற்றாண்டு. அதில் முசிறியைக் கண்டதும் நமக்குக் கை பரபரக்கும். சங்கப் பாட்டை எடுத்து விரிக்காமல் இரண்டு வரியில் நிறுத்துங்கள். கேள்வி கிரேக்கரைப் பற்றியது.

அரியர் தேர்விலும் கிட்டத்தட்ட அதே கேள்விதான் வந்தது. முதலில் வரைபடம் போட்டேன், ஐந்து நிமிடம். தூலே வர வேண்டிய இடத்தில் ஐஸ்லாந்துக்கு ஒரு கேள்விக்குறி, நார்வேக்கு ஒரு கேள்விக்குறி. ஓரத்தில் கம்பும் நிழலும். ஹன்னோவுக்கு ஒரே வரி: 'கார்த்தேஜ்காரர்'.