யூனிஃபார்ம் மேல ஏறினப்போ

ஜூன்ல தச்ச யூனிஃபார்ம், பொங்கலுக்குள்ள முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு. 7 வயசுப் பொண்ணு. நல்ல வளர்த்தின்னு பூரிச்சுப் போயிருந்தேன். வியர்வை வாடை பெரியவங்க மாதிரி வந்தப்போதான் வயித்தைப் பிசைஞ்சுது. "எல்லாம் பிராய்லர் கோழிதான்"னாங்க அத்தை. "சீக்கிரம் உக்காந்துடுவா, சீருக்குச் சேர்த்து வைங்க"ன்னாங்க பக்கத்து வீட்டக்கா.

குழந்தைகள் ஹார்மோன் டாக்டர் இடது கையை எக்ஸ்ரே எடுத்தார். எலும்போட வயசு ஒன்பதரை! பெண் பிள்ளைக்கு 8, ஆண் பிள்ளைக்கு 9 வயசுக்கு முன்னாடி பருவ மாற்றம் தொடங்கினா பரிசோதிக்கணுமாம். பருவத்தைத் தொடங்கச் சொல்லி மூளையிலேர்ந்து கிளம்ப வேண்டிய உத்தரவு முன்னாடியே கிளம்பிடுது. இப்போ மளமளன்னு வளர்ற பிள்ளை, எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிக்கிறதால கடைசியில குள்ளமா நின்னுடலாம். பெண் பிள்ளைகள்ல பெரும்பாலும் காரணமே அகப்படாதாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல மூளையில கட்டி எதுவும் இல்லைன்னதும்தான் மூச்சு வந்துச்சு.

இப்போ 3 மாசத்துக்கு ஒரு லூப்ரோலைடு ஊசி. அந்த உத்தரவை அது அடக்கி வைக்குது. நிறுத்தினா பருவம் மறுபடி தொடரும்.

ஊசி போடுறப்போ என் முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டு, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"னு கேட்டா.

"ஒண்ணுமே இல்லடி தங்கம்."

நேத்து முன்பல் விழுந்துச்சு. கூரை மேல எறிஞ்சுட்டு, ஓட்டைப் பல்லோட சிரிக்கிறா.