பைத்தானில் ஓடும்போதே மாறி சேர்ப்பது: லோக்கல்ஸ் எங்கே காலை வாரும்?

பைத்தான் நிரல்மொழியில், நிரல் ஓடும்போதே மாறி சேர்க்க உதவும் குளோபல்ஸ்() தருவது நகல் இல்லை. மாட்யூலின் (நிரல் கோப்பின்) பெயர்களும் அவற்றின் மதிப்புகளும் இருக்கும் டிக்‌ஷனரியே கைக்கு வருகிறது. குளோபல்ஸ்()['விலை'] = 40 என்று எழுதினால் அடுத்த வரியிலேயே விலை என்ற மாறி தயார். ஆனால் ஃபங்ஷனுக்குள் இதை எழுதினால், அந்த ஃபங்ஷன் எந்த மாட்யூலில் இருக்கிறதோ அதில்தான் பெயர் சேரும். அதை அழைத்த மாட்யூலில் சேராது.

ஃபங்ஷனின் உள் மாறிகளைத் தரும் லோக்கல்ஸ்() கதையே வேறு. எந்தெந்தப் பெயர்கள் ஃபங்ஷனின் உள் மாறிகள் என்பது கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட இடம் உண்டு. ஓடும்போது பெயரைத் தேடுவதே கிடையாது. அதனால் ஃபங்ஷனுக்குள் லோக்கல்ஸ்()['விலை'] = 50 என்று போட்டாலும் பிரிண்ட் செய்தால் பழைய 40தான் வரும். பிழைச் செய்திகூட வராது, அதுதான் கொடுமை. 2024-ல் வந்த பைத்தான் 3.13 பதிப்பு முதல், ஃபங்ஷனுக்குள் லோக்கல்ஸ்() தருவது ஒவ்வோர் அழைப்புக்கும் புது நகல் என்று தெளிவாக்கிவிட்டார்கள். ஃபிரேமின் (ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பின் பதிவு) எஃப்_லோக்கல்ஸில் எழுதினால் இப்போது நிஜமாகவே மாறும். டீபக்கர் (பிழை தேடும் கருவி) எழுதுகிறவர்களுக்குத்தான் அது தேவை.

எழுத்துச் சரமாகத் தந்த நிரலை ஓட்டும் எக்ஸெக்(), ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கும் மாறிக்கும் இதே கதிதான். வெற்று டிக்‌ஷனரி ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டு, மதிப்பை அதிலிருந்து எடுங்கள். டிக்‌ஷனரி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். குளோபலுக்கு ஒன்று, லோக்கலுக்கு ஒன்று என இரண்டு கொடுத்தால் அந்த நிரல் கிளாஸின் உடலைப் போல ஓடும். அதில் வரையறுத்த இரண்டு ஃபங்ஷன்களில் ஒன்று மற்றதை அழைத்தால் நேம்எரர் (பெயர் கிடைக்கவில்லை என்ற பிழை)! பெயர் போய்ச் சேர்ந்தது லோக்கலில், தேடுவதோ குளோபலில்.

மாட்யூல் மட்டத்தில் ஃபார் லூப்பை நேரடியாகக் குளோபல்ஸ்() மேல் ஓட்டினால், லூப் மாறியே புதுப் பெயராகச் சேர்ந்து, 'டிக்‌ஷனரியின் அளவு மாறிவிட்டது' என்று ரன்டைம்எரர் வரும். லிஸ்ட்(குளோபல்ஸ்()) போதும்.

தமிழில் மாறிப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி. 'பொருள்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். நிரலில் எழுதும் பெயரை பைத்தான் என்எஃப்கேசி என்ற சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றி ஒன்றாக்கிவிடும். குளோபல்ஸ்()-க்குத் தரும் சாவியைத் தொடாது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிய, நேம்எரர் வரும். சாவியை யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ்() மூலம் என்எஃப்கேசிக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.