பிஎஃப்ஓவைத் தொடுவதற்கு முன்

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து 2017 டிசம்பரில் வெளிவந்த மைக்ரோ பிட்எக்ஸ் என்ற அமெச்சூர் ரேடியோ டிரான்ஸீவர் (அனுப்பவும் பெறவும் செய்யும் கருவி) கிட்டை வாங்கிப் பெட்டிக்குள் பொருத்தி முடித்த நாளில், வேலை தீர்ந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். போர்டு தயாராகவே வந்துவிடுவதால் சால்டரிங் அதிகமில்லை. என் நேரத்தைத் தின்றது, அதன் பிறகு ஃபில்டருக்கு ஏற்றபடி டிரான்ஸீவரைச் சரிசெய்த வேலை. அதிலும் பாதி நேரம், இரண்டு படிகளை முன்பின்னாகச் செய்ததால் வீணானது.

ஆண்டெனாவிலிருந்து வரும் சிக்னல் முதலில் 45 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றப்பட்டு, பின்னர் 12 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கப்படுகிறது. அங்கே எட்டு கிரிஸ்டல்களை ஏணிபோல் அடுக்கிய ஃபில்டர் ஒன்று இருக்கிறது. மனிதக் குரலுக்குத் தேவையான இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அளவை மட்டும் உள்ளே விட்டு மற்றதை அது தடுத்துவிடும். ஃபில்டரைச் சரிசெய்வது என்று நாம் சொன்னாலும், கிரிஸ்டல்களின் அதிர்வெண்ணை நம்மால் மாற்ற முடியாது. அந்த ஃபில்டரின் கீழ்ச்சரிவில், சிக்னலைக் காதில் கேட்கும் ஒலியாக மாற்ற உதவும் பிஎஃப்ஓ என்ற ஆஸிலேட்டர் (அலையை உருவாக்கும் சுற்று) எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கிறோம். அது ஃபில்டரை மிகவும் நெருங்கினால் குரலின் அடித்தொனி பெருத்துக் கேரியரும் (குரலைச் சுமக்கும் அடிப்படை அலை) கசியும். மிகவும் விலகினால் குரல் தகர டப்பாவைத் தட்டியதுபோல் மெலிந்து போகும்.

முதலில் நான் பிஎஃப்ஓவையே சரிசெய்தேன். 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ் பகுதி) யாரும் பேசாத ஓர் இடத்தில் ஆண்டெனாவின் இரைச்சலை மட்டும் ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் அருகே கைபேசியை வைத்து, ஒலியை நிறமாலையாகக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்தேன். இரைச்சல் திரையில் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதன் கீழ்விளிம்பு 300 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும்வரை குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பி, 11.9965 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் கிடைத்த மதிப்பைச் சேமித்தேன். பிந்தைய பதிப்புகளில் இந்த ஃபில்டர் 11.059 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களால் ஆனது என்பதால் அவற்றை வைத்திருப்பவர்களுக்கு என் எண் பயன்படாது.

அதற்குப் பிறகே அதிர்வெண் அளவீட்டுக்கு வந்தேன். பத்து மெகாஹெர்ட்ஸில் இரவு நேரத்தில் சீனாவின் பிபிஎம் நேர ஒலிபரப்பு எங்கள் பகுதியில் நன்றாகவே கேட்கும். டயலைச் சரியாக 10 மெகாஹெர்ட்ஸில் வைத்து, சீழ்க்கை முற்றிலும் அடங்கும் இடத்தைத் தேட வேண்டும் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஃபில்டரே ஒலியைத் தடுத்துவிடுவதால், அந்த அடங்கும் இடம் காதுக்கு எட்டாது. ஆகவே டயலை 9.999 மெகாஹெர்ட்ஸில், டயலுக்கு மேலுள்ள அதிர்வெண்களைக் கேட்கும் யுஎஸ்பி முறையில் வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தால் 1000 ஹெர்ட்ஸ் தொனி கேட்க வேண்டும். கைபேசித் திரையில் கோடு 1090இல் நின்றது.

டயல் காட்டுவதைவிட ரேடியோ 90 ஹெர்ட்ஸ் கீழே நிற்கிறது என்பதே அதன் பொருள். சிக்னலை ஏற்றி இறக்கும் இரண்டும் பிஎஃப்ஓவும் ஆக மூன்று ஆஸிலேட்டர்களும் எஸ்ஐ5351 என்ற ஒரே சிப்பிலிருந்து, ஒரே 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை அடிப்படையாகக் கொண்டு பிறப்பதால், பிழையும் எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில், பத்து லட்சத்தில் 9 பங்காக இருக்கிறது, 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 64 ஹெர்ட்ஸ், 28.5இல் ஏறத்தாழ 257. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸை வைத்து அளக்கலாமே என்று முதலில் தோன்றியது. அங்கே இதே பிழை ஆறரை ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கான திருத்த மதிப்பை மாற்றி, கோடு 1000க்கு வந்ததும் சேமித்தேன். 15 மெகாஹெர்ட்ஸ் நேர ஒலிபரப்பைக் கேட்க டயலை 14.999இல் வைத்துப் பார்த்தபோதும் 1000தான் வந்தது.

மறுநாள் காலையில் 40 மீட்டரில் வழக்கமாகப் பேசும் நண்பர், “சார், உங்க குரல் குடத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு, டயலைக் கொஞ்சம் நகர்த்தினா ஒரு விசிலும் கேக்குது” என்றார். மைக்கைச் சந்தேகித்து அதைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு மாலை போனது. பிறகு கைபேசியை மீண்டும் ஸ்பீக்கர் அருகே வைத்தபோது, இரைச்சல் பட்டையின் கீழ்விளிம்பு 190 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது.

திரையில் காட்டிய பிஎஃப்ஓ எண்ணை நான் தொடவே இல்லை. ஆனால் அந்த எண் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை முந்தைய இரவின் திருத்தம் மாற்றிவிட்டது. 12 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்துக்கு 9 பங்கு என்றால் 108 ஹெர்ட்ஸ். அத்தனை தூரம் பிஎஃப்ஓ மேலேறி ஃபில்டருக்குள் நுழைந்திருக்கிறது. இரண்டாவது ஆஸிலேட்டரும் அதே கணக்கில் நகர்வதால் டயல் துல்லியமாகவே இருந்தது. அதனால்தான் சந்தேகம் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாம் முறை, பெட்டியை மூடி அரை மணி நேரம் ஓடவிட்டு, அந்த 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சூடேறி நிலைப்பட்ட பிறகு, முதலில் 10 மெகாஹெர்ட்ஸில் திருத்தத்தை உறுதிசெய்தேன்; அதன்பின்பே பிஎஃப்ஓவை ஏறத்தாழ 110 ஹெர்ட்ஸ் கீழே இறக்கினேன். பட்டை 300 முதல் 2800 வரை நின்றது. அனுப்பும்போதும் இதே ஃபில்டர்தான் வேலை செய்கிறது. ஆகவே தனியாக எதையும் மாற்றவில்லை. ஆண்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் டம்மி லோடில் பேசி, பக்கத்து அறையிலிருந்த இன்னொரு ரிசீவரில் பதிவு செய்து கேட்டதில் குடம் காணாமல் போயிருந்தது.

புதிய நிரலை ஏற்றும்போது சேமித்த மதிப்புகள் அழிந்துபோக வாய்ப்புண்டு. ஆகவே திருத்த மதிப்பையும் அதன் கீழே பிஎஃப்ஓ எண்ணையும், எந்த வரிசையில் செய்தேனோ அதே வரிசையில், மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.