அப்பா இலை போட்டுப் பார்த்த கால்வாய்

முதல் நாள் மதியம் படகைக் கரையில் கட்டிவிட்டு, டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பா கரையில் குந்தியிருந்தார். ஒரு இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு, அது நகர நகர வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது படகு விடுறதுக்குன்னு வெட்டுன வாய்க்கா, ஆறு இல்லன்னுதானே சொன்ன?"

"ஆமாம்ப்பா."

"ஓடுதே. படகு மிதக்குறதுக்குத் தண்ணி நின்னா போதாதா? இது யாருக்குப் போவுது?"

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். அங்கே ஷட்டர் ஏற்றி இறக்குவது, அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுவது, மழைக்காலத்தில் ராத்திரி டார்ச்சோடு கரையில் கசிவு தேடுவது என்றே அவர் காலம் போனது. மூன்று மாதம் எங்களோடு இருக்க இங்கிலாந்து வந்தவரை லண்டனுக்குக் கூட்டிப் போனோம். தேம்ஸைப் பார்த்து "கலங்கலா இருக்கு" என்றார். அதோடு சரி. அரண்மனை, மியூசியம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் என் கணவர்தான் இந்தக் கால்வாய் யோசனையைச் சொன்னார்.

வேல்ஸ் எல்லையில் இருக்கும் சர்க் என்ற ஊரில் படகை வாடகைக்கு எடுத்து லாங்கோலன் வரை போய்த் திரும்புவது திட்டம். லாங்கோலன் என்று நான் எழுதுவது ஒப்புக்குத்தான். வேல்ஸ்காரர்கள் நாக்கை மேலே ஒட்டிவைத்து, ஓரத்தில் காற்றை விட்டு அந்த லகரத்தைச் சொல்கிறார்கள். ழகரத்தை வைத்து ஊரையெல்லாம் மிரட்டிய நமக்கு இது சரியான பதிலடி.

நாரோபோட் என்பது பார்ப்பதற்கு ரயில் பெட்டியை நீளவாக்கில் பிளந்து தண்ணீரில் போட்ட மாதிரி இருக்கும். எங்களுடையது 57 அடி நீளம். அகலம் ஏழடிகூட இல்லை. மணிக்கு நான்கு மைலுக்கு மேல் போகக் கூடாது, போகவும் முடியாது. நாயோடு நடந்து வந்த ஒரு பாட்டி எங்களைத் தாண்டிப் போய், பாலத்தில் நின்று யாரிடமோ கதை பேசி, மறுபடி நடந்து, மறுபடியும் எங்களைத் தாண்டினார். சுக்கான் பின்னால் இருக்கிறது. இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், அதுவும் நிதானமாக. திரும்பவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தள்ளினீர்களோ, அப்புறம் திருப்பத்தை நிறுத்த முடியாது. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை புதருக்குள் மூக்கை நுழைத்தோம். இரண்டு முறையும் அப்பாதான் கழியை ஊன்றித் தள்ளிவிட்டார். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்திருந்தால் கிழித்திருப்பார்.

அப்பாவுக்கு லாக் பார்க்க ஆசை. இரண்டு பக்கமும் கதவு போட்டு, நடுவில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேடு பள்ளம் தாண்ட வைக்கும் தொட்டி. வாழ்நாளெல்லாம் ஷட்டரோடு இருந்தவருக்கு அது திருவிழா. ஆனால் நாங்கள் போன பகுதியில் ஒரு லாக்கூடக் கிடையாது. சர்க்குக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து லாங்கோலனுக்கு மேலே வரை 18 கிலோமீட்டரும் ஒரே மட்டம். மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து மட்டத்தைப் பிடித்துக்கொண்டே வெட்டியிருக்கிறார்கள். முடியாத இடத்தில் குகை, அதுவும் முடியாத இடத்தில் பாலம். இந்த மொத்த நீளத்தையும் யுனெஸ்கோ 2009-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. "கூட்டிப் பார்த்தா ஒரு சாண் வாட்டம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு அப்பா தனக்குள்ளேயே தலையாட்டிக்கொண்டார்.

சின்ன குகை ஒன்றைக் கடந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பாலம் வந்தது. பொன்ட்கசுல்தே. 'கசுல்தே பாலம்' என்று அர்த்தமாம், கசுல்தே அந்தப் பகுதியின் பழைய பெயர். டீ (Dee) என்ற நதியின் பள்ளத்தாக்கின் மேலே 126 அடி உயரத்தில், 1,007 அடி நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி. அதைத் தாங்க 18 கல் தூண்கள். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் 1795-ல் ஆரம்பித்துப் பத்து வருடத்தில் கட்டி முடித்தது. 1805 நவம்பர் 26-ல் திறந்தார்கள். அப்பாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "தொட்டிப் பாலம்" என்றார். மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்த்தவர் அவர். ஆனால் அதில் தண்ணீர்தான் போகும். இதில் நாம் போகிறோம்.

தொட்டியின் ஒரு பக்கம் நடைபாதையும் கம்பி வேலியும் உண்டு. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. தண்ணீருக்கு மேல் ஒரு சாணுக்கும் குறைவாக இரும்பு விளிம்பு, அவ்வளவுதான். படகுக்குள்ளே நின்று அந்தப் பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தால் விளிம்பே தெரியாது. காற்றில் மிதப்பது போலிருக்கும். நான் ஒரு தடவை பார்த்தேன், போதும் என்று வெளியே வந்து கம்பிப் பக்கமாக நின்றுகொண்டேன். கீழே மரங்களின் உச்சி. அதற்கும் கீழே நதி கல்லில் புரள்வது தெரிகிறது, சத்தம் மட்டும் மேலே வரவில்லை.

அப்பா பள்ளத்தாக்கைப் பார்க்கவே இல்லை. நடைபாதைக்கும் தண்ணீருக்கும் நடுவில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா. பாதைக்கு அடியில தண்ணி இருக்கு பார்."

உண்மைதான். தொட்டியின் அகலம் பன்னிரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. நடைபாதையைப் பக்கத்தில் தனியாகக் கட்டாமல், தொட்டியின் ஒரு பகுதிக்கு மேலேயே தண்ணீருக்கு மேல் தூக்கி அமைத்திருக்கிறார்கள்.

"அடைச்சுக் கட்டியிருந்தா படகு தண்ணிய முன்னால தள்ளிக்கிட்டே போவும், நகராது. ஒதுங்குன தண்ணி பின்னால வர வழி வேணும்ல? அதுக்குத்தான் அடியில காலியா விட்டிருக்கான். கெட்டிக்காரன்."

அப்பா ஒரு எஞ்சினியரைக் கெட்டிக்காரன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருடைய மேலதிகாரிகள் யாருக்கும் அந்தப் பட்டம் கிடைத்ததில்லை. பராமரிப்புக்காகத் தொட்டியைக் காலி செய்ய வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் அடைப்பைத் திறந்துவிடுவார்கள், தண்ணீர் அருவியாக நேரே நதியில் விழும் என்று சொன்னேன். அதைப் பார்க்கத் திரும்ப வரலாமா என்றார், விசா முடியப் போவதை மறந்து.

பாலம் முடிந்ததும் லாங்கோலனுக்கு இடப்பக்கம் சடாரென்று ஒடித்துத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் வீட்டில் சண்டை வரும், விட்டுவிடுகிறேன்.

அதன் பிறகு எதிர் ஓட்டம் நன்றாகவே தெரிந்தது. எஞ்சின் முனகியது, படகு ஊர்ந்தது. பாறையைக் குடைந்த இடங்களில் ஒரு படகுதான் போக முடியும். நாரோபோட்டைப் பின்னால் எடுத்தால் சுக்கான் பேச்சைக் கேட்காது. அதனால் ஒருவர் முன்னால் நடந்து போய் எதிரே யாரும் வரவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஆங்கிலம்?" என்றேன். "நில்லுன்னு சொல்ல எதுக்கு ஆங்கிலம்?" என்றார். நாங்கள் வளைவு திரும்பியபோது, அந்தப் பக்கம் இரண்டு படகுகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நடுவில் அப்பா, துண்டைப் பிடித்தபடி, ரயில்வே கேட் கீப்பர் மாதிரி. முதல் படகில் இருந்த பெரியவர் அவரைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

லாங்கோலன் படகுத்துறைக்கு மேல் மோட்டார் படகு போகாது. அவ்வளவு குறுகலும் ஆழக்குறைவும். குதிரை இழுக்கும் படகு மட்டும் உண்டு. 1884-லிருந்து சுற்றுலாப் பயணிகளைக் குதிரைப் படகில் ஏற்றுகிறார்கள். மறுநாள் காலை நாங்கள் கரையோடு நடந்தோம். மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஒரு பாலத்தின் மூலைக் கல்லில் ஆழமான கோடுகள் இருந்தன. நனைந்த கயிறு வருடக்கணக்காக உராய்ந்து அறுத்த தடம். அப்பா ஒரு கோட்டில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார், முழுசாக உள்ளே போனது. நம் ஊர்க் கிணற்றுக் கல்லில் இருக்கிற அதே தடம்.

கால்வாய் குறுகிக்கொண்டே போய் டீ நதியின் கரையில் முடிகிறது. இல்லை, ஆரம்பிக்கிறது. நதிக்குக் குறுக்கே லாடம் போல வளைந்த தடுப்பு, 460 அடி நீளம். டெல்ஃபோர்டின் வேலைதான், 1808. தண்ணீர் அதன் மேல் கண்ணாடித் தகடு மாதிரி வழிந்து விழுகிறது. ஓரத்தில் ஒரு சின்ன வீடு, உள்ளே எடுக்கும் தண்ணீரை அளக்கும் கருவி.

"தலைப்பு" என்றார் அப்பா. குரலே மாறிவிட்டது.

முந்தின இரவு படித்து வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன். ரயில் வந்த பிறகு இந்தக் கால்வாயில் சரக்குப் படகு ஓய்ந்தது. 1944-ல் போக்குவரத்தைக் கைவிடச் சட்டமே போட்டார்கள். அதே சட்டத்தில் மாட்டிய பக்கத்துக் கால்வாயில் பல இடங்கள் வறண்டே போயின. இது பிழைத்ததற்குக் காரணம் இந்த ஓட்டம்தான். 1955-ல் குடிநீர் வாரியத்தோடு ஒப்பந்தம் ஆகி, எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம் வரை தண்ணீர் கொண்டு போகும் வேலை இதற்குக் கிடைத்தது. ஒரு நாளைக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் காலன்.

"கன அடியில சொல்லு."

போனில் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 22.

தடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஊருக்கு வாட்ஸாப்பில் வீடியோ கால் போட்டார், தன்னோடு வேலை பார்த்த நண்பருக்கு. முதலில் தண்ணீரைக் காட்டினார், பிறகு அந்தச் சின்ன வீட்டைக் காட்டினார், தன் முகத்தைக் கடைசி வரை காட்டவில்லை.

"இருவத்திரண்டு கன அடிதான்டா. நம்ம பிரிவு வாய்க்கா அளவுகூட வராது. ஆனா கேளு, ஜனவரில சாத்துறது, ஜூன்ல தொறக்குறதெல்லாம் இங்க இல்ல. வருசம் பூரா விடுறானுவ."

அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அப்பா மட்டும் சிரித்தார்.