பறவைக் குழு: தொடக்க நாட்கள்

2024 நவம்பர் 17, ஞாயிறு

என் பறவைக் குறிப்புகளைப் படிப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் அரட்டைக் குழு வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது, ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்பதால் அதிலேயே தொடங்கிவிட எண்ணியிருந்தேன். திருமங்கலத்து ஆசிரியை ஒருவர் எழுதிய இரண்டு வரிகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன: "நம்பர் தெரியாம சேர முடியும்னா சொல்லுங்க சார். இல்லேன்னா நான் வாசிக்கிறதோட நிறுத்திக்கிறேன்." வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் எண் மற்ற எல்லோர் கண்ணுக்கும் படும், முன்பின் தெரியாதவர்களிடம் எண்ணைக் கொடுத்துவிட்டு, இரவில் வரும் 'ஹாய் மேடம்'களைத் தடுத்துக்கொண்டிருக்க எந்தப் பெண்ணுக்கும் தலையெழுத்தில்லை. கண்மாய்க் கரைகளில் பெண்களைக் குறைவாகவே பார்க்கிறோம். குழுவிலாவது அவர்கள் தயங்காமல் பேச வேண்டும் என்பதே எனக்கு முதல் நிபந்தனை.

நவம்பர் 23, சனி

டெலிகிராம் என்று முடிவாயிற்று. டிஸ்கார்டுதான் சிறந்தது என்று அக்கா மகன் வாதாடினான். விளையாட்டுக்காரர்களுக்காக 2015-இல் வந்தது என்றாலும் தலைப்புவாரியாகப் பேச அதைப்போல வசதி வேறில்லை என்பது அவன் கட்சி. ஆனால் கண்மாய் மடைகளைப் பற்றி எனக்குச் சொல்லித்தரும் பெரியவர்களை இன்னொரு செயலிக்குப் பழக்குவது நடக்கிற காரியமில்லை. டெலிகிராமிலும் இப்போது குழுவுக்குள் தனித்தனித் தலைப்புகளைத் திறக்கலாம், எண்ணை மறைத்துவைக்கலாம், புதிதாக வருபவர் பழைய உரையாடலைப் படிக்கும்படியும் அமைக்கலாம். 'என்ன பறவை?', 'கண்மாய் நிலவரம்', 'பொது' என்று மூன்று தலைப்புகளோடு திறந்திருக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலை வணக்கப் படங்கள் வேண்டாம் என்பது போன்ற விதிகளை எழுத அதிக நேரமாகவில்லை. கூடு பற்றிய விதிக்குத்தான் நாள் முழுவதும் போயிற்று. மதுரை மாவட்டத்து மலையடிக் கிராமமான அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு, அங்குள்ள லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளும் ஒரு காரணம். பாறை இடுக்கில் அவை அமரும் இடத்தை ஒருவர் குழுவில் சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு நீண்ட லென்ஸ்களோடு ஒரு கூட்டம் அங்கே நிற்கும். தொந்தரவு தாங்காமல் பறவை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடவும் கூடும். ஆகவே கூட்டின் இடத்தைச் சொல்லக் கூடாது. படத்தைக் கோப்பாகவும் அனுப்பக் கூடாது. சாதாரணப் படமாக அனுப்பினால் டெலிகிராம் அதைச் சுருக்கி, படத்துக்குள் பதிந்த இடக்குறிப்பை நீக்கிவிடுகிறது. கோப்பாக அனுப்பினால் எடுத்த இடம் இம்மி பிசகாமல் போய்ச் சேரும். நல்ல கேமரா வைத்திருப்பவர்கள் தரம் குறைகிறதே என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

டிசம்பர் 9, திங்கள்

மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்ட 2,015 ஹெக்டேருக்குள் அரிட்டாபட்டித் தலமும் அடங்குகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து குழு கொதிக்கிறது. சுரங்க உரிமையை ரத்து செய்யக் கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய இன்று, பறவை கேட்டு வந்த மூன்று கேள்விகள் பார்வர்டு வெள்ளத்தில் மூழ்கிப்போயின. அரசியல் பேச வேண்டாம் என்று நானே எழுதிய விதியை எடுத்துக் காட்டிச் சிலர் நியாயம் கேட்டார்கள். மலைக்கே ஆபத்து வரும்போது மலையிலுள்ள பறவையைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'மலை' என்று நான்காவது தலைப்பைத் திறந்து, கட்சிப் பேச்சுக்கு மட்டும் தடை போட்டேன். ஒரு செய்தி போட்டவர் அடுத்ததற்கு ஐந்து நிமிடம் காத்திருக்கும்படி வேகத்தையும் குறைத்தேன். அது குழு முழுவதற்கும் பொருந்துவதால், பாவம், பறவைக்காரர்களும் காத்திருக்கிறார்கள்.

மாலையில் 'மலையில் பொக்லைன் ஏறிவிட்டது' என்று ஒரு படம் வந்தது. நீக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அரிட்டாபட்டித் தம்பி ஒருவர் எழுதிவிட்டார்: "அண்ணே, நான் இப்பக் கண்மாய்க் கரையிலதான் நிக்கிறேன். ஒரு வண்டியும் வரல. படத்துல இருக்கிறது எங்க மலையே இல்ல." அடுத்த நிமிடமே, தண்ணீருக்குப் பின்னால் மலை தெரியத் தன் படத்தையும் போட்டார். நிர்வாகி நீக்கியிருந்தால் எதையோ மறைக்கிறான் என்றிருப்பார்கள். ஊர்க்காரர் சொன்னதும் அனுப்பியவரே எடுத்துவிட்டார். அந்தத் தம்பியையும் திருமங்கலத்து ஆசிரியையையும் துணை நிர்வாகிகளாக இருக்கும்படி கேட்டிருக்கிறேன்.

2025 ஜனவரி 18, சனி

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகப் பலரும் கண்மாய்களுக்குப் போய்ப் பட்டியல்களைக் குழுவில் கொட்டுகிறார்கள். அரட்டையில் கொட்டுவது கணக்கில் சேராது. பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் அவரவர் பதிந்தால்தான் சேரும். ஆசிரியை அதற்கான செய்முறையைத் தமிழில் எழுதிக் குழுவின் உச்சியில் குத்திவைத்திருக்கிறார்.

ஜனவரி 24, வெள்ளி

சுரங்க ஏலம் ரத்தானதாக மத்திய அரசு நேற்று அறிவித்தது. இரவெல்லாம் ஸ்டிக்கர் மழை. விதியை ஒருநாள் தூங்கவிட்டேன். 'மலை' தலைப்பை இனி மூடிவிடலாம், மூடினாலும் பழைய பேச்சு படிக்கக் கிடைக்கும் என்கிறார் ஆசிரியை. தேவாங்கு, எறும்புத்தின்னி, சுனை என்று ஊர்க்காரர்கள் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள், மூடக் கூடாது என்கிறார் அரிட்டாபட்டித் தம்பி. நான் தம்பி பக்கம். பெயரை மட்டும் 'அரிட்டாபட்டி' என்று மாற்றி, வேகக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டேன்.