மலத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுத்த அனுபவம்

பெருங்குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை பழைய செல்களை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. புற்றுக்கட்டி இருந்தால் அதன் செல்களும் மலத்தோடு வந்துவிடும். அவற்றைத் தனியே பிரித்து மரபணு மாற்றம் உண்டா என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த வேலை. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையைப் பின்பற்றினோம்.

மலத்திலுள்ள டிஎன்ஏவில் மனிதனுடையது ஏறத்தாழ 0.01 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி பாக்டீரியாவுடையது. அதனால்தான் முதலில் செல்லைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மலத்தைக் குளிர்ந்த பஃபரோடு (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) பையில் போட்டு, இரண்டு தட்டுகள் மாறி மாறி அமுக்கும் கருவியில் கரைப்போம். பிளேடு போட்டு அடித்தால் செல்கள் உடைந்துவிடும். அப்புறம் நைலான் வலையில் வடிகட்டல். மிளகாய் விதை, தக்காளித் தோல் எல்லாம் வலையில் அப்படியே தங்கும். அடிக்கடி அடைத்துக்கொள்ளும், பொறுமையாகத்தான் வடிக்க வேண்டும்.

வடிந்த நீரில் நுண்ணிய காந்த மணிகளைச் சேர்ப்போம். குடலின் உட்சுவரை மூடியிருக்கும் எபித்தீலியச் செல்லின் மேலுள்ள எப்கேம் என்ற புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடி அவற்றில் பூசியிருக்கும். ட்யூபைக் காந்தத்தில் நிறுத்தினால் மணிகள் சுவரோரம் ஒரு கோடாக ஒதுங்கும். மணியும் பழுப்பு, நீரும் பழுப்பு. பல தடவை கழுவிய பிறகுதான் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஈ மொய்த்த பலாச்சுளை மாதிரி மணிகள் சூழ்ந்த ஒரு செல்! அதைப் பார்க்கும்போது வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

இத்தனையிலும் பெரிய தடை ஆய்வகத்துக்கு வெளியேதான் இருந்தது. கொலோனோஸ்கோப்பிக்காக, அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்காக, பேதி மருந்து குடிப்பதற்கு முன்பே மாதிரி வேண்டும். வந்ததும் குளிரில் வைக்க வேண்டும், தாமதித்தால் செல்கள் சிதைந்துவிடும். ஆனால் கூச்சம் யாரை விட்டது? வயதான அம்மா ஒருவர் டப்பாவைத் துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு, கூட்டம் கலையும்வரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சுக்கோப்பா, இதைப் போய் உன் கையில குடுக்கிறேன்" என்றார். "அம்மா, இதுக்காகத்தான் நான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று வாங்கிக்கொண்டேன். அதன்பின் ஓரத்து அறையில் ஐஸ் பெட்டியோடு ஒருவரை உட்கார வைத்தோம். மாதிரிகள் சீக்கிரம் வந்தன, செல்களும் கூடுதலாகக் கிடைத்தன.

வழக்கமான மலப் பரிசோதனை ரத்தத்தைத்தான் தேடும். கட்டி அன்றைக்குக் கசியாவிட்டால் தப்பிவிடும். செல் அப்படிக் கசிவை நம்பி இல்லை. ஆனால் குடலின் வலப்பக்கக் கட்டியிலிருந்து வரும் செல்களுக்கு வழி நீளம், பல வழியிலேயே சிதைகின்றன. அவற்றை இழக்காமல் பிடிப்பதற்குத்தான் இப்போது பஃபரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.