செல்ஃப் எடுக்காத காருக்குப் புது பேட்டரி வாங்குவதற்கு முன்

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’. செல்ஃப் சுற்றவில்லை. டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, ஹாரனும் கணீரென்று அடித்தது. சாலையோர உதவிக்கு வந்தவர் பூஸ்டர் பேட்டரியை மாட்டியதும் உடனே ஸ்டார்ட் ஆனது. “பேட்டரி போச்சு சார், இன்னைக்கே மாத்திடுங்க” என்றார். 35 ஏஹெச் புது பேட்டரி, நாலாயிரத்துச் சொச்சம். அந்த வாரமே, மழை ஓய்ந்த ஒரு காலையில் மறுபடியும் அதே ‘டக்’. பேட்டரிக் கடையில் இந்தத் தடவை “அப்போ செல்ஃப் மோட்டார்தான்” என்று சொல்லி, மாற்ற இன்னும் ஆறாயிரம் கேட்டார்கள்.

பழுது இரண்டிலும் இல்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் கேபிள் (செல்ஃபுக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) உள்ளுக்குள் களிம்பு பிடித்து இற்றுப் போயிருந்தது. புது கேபிள் சில நூறு ரூபாய்தான். பார்த்தவர்களில் ஒருவர்கூடச் சாவியைத் திருப்பும் நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ‘டக்டக்டக்’ என்று விடாமல் வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ‘டக்’ என்றால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை, அல்லது மோட்டாரே சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ரிலே, ஃபியூஸ், சாவி சுவிட்ச், கிளச் சுவிட்ச் பக்கம் போக வேண்டும்; ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை ‘என்’னில் வைத்து ஒருமுறை முயன்று பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் அது பெட்ரோல், ஸ்பார்க், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) விவகாரம். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

அடுத்தது விளக்கு. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே மங்கி விழுந்தால் பேட்டரியோ அதன் டெர்மினலோ பலவீனம் (சிக்கிய மோட்டாரும் இப்படி மங்க வைக்கும்). ‘டக்’ சத்தம் கேட்டும் வெளிச்சம் பெரிதாகக் குறையவில்லையென்றால் பேட்டரியிடம் சக்தி இருக்கிறது, அது செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எங்கள் வண்டியில் வெளிச்சம் குறையவே இல்லை. இந்த ஒரு சோதனைக்கே நாலாயிரம் மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் பூஸ்டர் போட்டதும் எப்படி ஸ்டார்ட் ஆனது? எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். பூஸ்டரின் கறுப்பு கிளிப்பைப் படுத்துப்போன பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாமல் இன்ஜினின் வெற்று இரும்பில் மாட்டுவதுதான் பாதுகாப்பான முறை. பேட்டரி அருகில் தீப்பொறி பறந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளலாம். வந்தவர் சரியாகத்தான் மாட்டினார். ஆனால் அந்தக் கிளிப், கெட்டுப்போன எர்த் கேபிளைச் சுற்றிக்கொண்டு கரண்டுக்குப் புது வழி போட்டுக் கொடுத்துவிட்டது. ஸ்டார்ட் ஆனதற்குக் காரணம் பூஸ்டரின் சக்தியா, கிளிப் மாட்டிய இடமா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்: பூஸ்டரே இல்லாமல் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் மாட்டுங்கள். சொந்த பேட்டரியிலேயே செல்ஃப் சுற்றினால் பழுது எர்த்தில்தான்.

மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பிடிக்கலாம். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இது பாதிக் கதைதான். சாவியைத் திருப்பச் சொல்லி அந்த நேரத்தில் பாருங்கள், 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கு 12-க்குக் கீழே போகவே இல்லை. பிறகு மீட்டரின் கறுப்பு முள்ளைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே (அதைக் கவ்வும் கிளாம்பில் அல்ல) வைத்து, சிவப்பு முள்ளை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வையுங்கள். திருப்பும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. எங்களுக்கு வந்தது 4.6! பேட்டரி கொடுக்கும் வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கேபிளிலேயே தீர்ந்துபோனது. பாசிட்டிவ் பக்கம் இதேபோல் கம்பத்திலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை 0.5-க்குள் இருக்க வேண்டும்.

மீட்டரின் கன்டினியூட்டி (வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும்) பீப் சத்தத்தை நம்பாதீர்கள். நல்ல இழை ஒன்றிரண்டு மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும், டெஸ்ட் லேம்ப்பும் எரியும். செல்ஃப் இழுப்பதோ நூறு ஆம்பியருக்கும் மேல். 0.04 ஓம் தடை இருந்தாலே நூறு ஆம்பியரில் 4 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. அதனால்தான் லோடு இருக்கும்போது, அதாவது செல்ஃப் கரண்ட் இழுக்கும்போது, அளந்தே ஆக வேண்டும்.

இந்தப் பழுது, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் குற்றவாளி ஆக்கும். சார்ஜிங் கரண்ட் திரும்பி வரும் வழியும் இதே எர்த்தான். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரில் 14.3 இருந்தும் பேட்டரியில் 13.4தான் வந்தது. பேட்டரி அரைகுறையாகவே சார்ஜ் ஆகும், கடைக்காரரின் டெஸ்டரும் ‘மாற்று’ என்று காட்டும். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் முழு சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டால் திரும்ப வராது.

மாற்றுவது சுலபம்தான். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். கேபிளின் ரப்பர் உறையைப் பார்த்து ஏமாற வேண்டாம். எங்களுடையது வெளியே புதிது போலத்தான் இருந்தது. லக் (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) பக்கம் இரண்டு அங்குலம் கீறியதும் உள்ளே செம்பு கறுத்து, பச்சைப் பொடியாக உதிர்ந்தது. கடற்கரை ஊர் வண்டிகளில் உப்புக் காற்று இழைகளுக்குள் ஏறிவிடுகிறது. புது கேபிள் 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, டீசலுக்கு இன்னும் தடிமன் வேண்டும். லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்கித் தருபவரிடம் வாங்காதீர்கள், கிரிம்பிங் கருவியால் அழுத்தியிருக்க வேண்டும். கியர்பாக்ஸில் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முறுக்குங்கள். வாசலினை முறுக்கி முடித்த பிறகு வெளியே தடவினால் போதும். மாட்டியபின் அதே இடத்தில் அளந்ததில் 0.1-க்கும் கீழே.

கிளச், கியர்பாக்ஸ் வேலைக்கு வண்டி போய் வந்திருந்தால் இந்தக் கேபிளை ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். பெட்டியை இறக்கும்போது முதலில் கழற்றுவது இதைத்தான். திரும்ப மாட்டும்போது அரைகுறையாக முறுக்கப்படுவதும், சில பட்டறைகளில் மறந்தே போவதும் உண்டு. அப்படி விட்டால் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்தபின் அந்தக் கேபிள்கள் சூடாக இருந்தால் மேற்கொண்டு சாவியைத் திருப்பாமல் எர்த்தைத் தேடுங்கள்.